தவிட்டுக்கு வாங்கியவளின் சம்மதம்

1

புதுச்சேரியிலிருந்து திரும்பி மூன்று நாளாகிறது. பெட்டியை இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை. கருவாட்டுப் பொட்டலத்தை மட்டும் எடுத்து, பக்கத்து வீட்டார் போலீசைக் கூப்பிடுவதற்கு முன் பால்கனியில் வைத்துவிட்டேன். எனக்குப் படபடப்பு இன்னும் அடங்கவில்லை. நேற்று வேலையில் ஒரு நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தாமலே போய்விட்டேன். பின்னால் இருந்த பெரியவர் ஒருவர் கத்தின பிறகுதான் நினைவு வந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, கேட்காத அவரிடமே பாதிக் கதையைச் சொல்லத் தொடங்கினேன். அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார். மீதியை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

நான் புதுச்சேரி சாரத்தில் பிறந்து, அங்கேயே மேட்டுப்பாளையத்தில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்தவன். சொல்தா வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்கு வந்தவன். சொல்தா என்றால் என்ன என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். என் மாமனார் அப்படி இருந்தவர். அதனால் ரேவதிக்குப் பிறப்பிலேயே பிரெஞ்சுக் குடியுரிமை; அவளைக் கட்டியதால் எனக்கு விசா. பாரீசுக்கு வெளியே, ரயிலில் நாற்பது நிமிடம் தள்ளி இருக்கும் ஊரில் பத்தொன்பது வருடமாகக் குடியிருக்கிறோம். நகரப் பஸ் ஓட்டுகிறேன். எங்களுக்கு ஒரே மகள். வயது பதினான்கு.

போன மே மாதம் மெரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மெரி என்பது இந்த ஊர் நகரமன்றம். மகளின் பெயர் மாற்ற விண்ணப்பம் முழுமையாக இல்லை. தாயின் சம்மதக் கையெழுத்து விடுபட்டிருக்கிறது. அது வந்து சேராவிட்டால் கோப்பு மூடப்படும். கடிதம் இவ்வளவுதான், நான்கு வரி. அந்த ஒரு கையெழுத்தை வாங்கத்தான் மூன்று பேரும் விமானம் ஏறினோம். கையெழுத்துப் போட வேண்டியவள் என் பக்கத்துச் சீட்டிலேயே உட்கார்ந்து, ஜூஸ் குடித்துக்கொண்டு வந்தாள்.

2

என் மகளின் பெயர் குப்பம்மாள்.

சிரிக்காதீர்கள். சிரித்தாலும் பரவாயில்லை, இந்த மாதம் எனக்கு யார் மீதும் கோபம் வராது. ஆனால் அந்தப் பெயர் ஏன் வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு முதலில் ஓர் ஆண் குழந்தை பிறந்து ஐந்தாம் நாள் போய்விட்டது. அடுத்தது பெண். மூன்று வாரம் இருந்தது. இரண்டும் இங்கேதான், நல்ல ஆஸ்பத்திரியில்தான். டாக்டர்கள் எங்களை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகப் பேசினார்கள். காரணம் பிடிபடவில்லை என்பதையே பல விதமாகச் சொன்னார்கள். மூன்றாவது முறை ஆறாம் மாதத்தில் ரேவதி, "நான் ஊருக்குப் போறேன்" என்றாள். நான் தடுக்கவில்லை. தடுக்க என்னிடம் என்ன இருந்தது?

குழந்தை புதுச்சேரியில் பிறந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது பத்தாம் நாள். என் அக்கா கலா எல்லாம் ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். சாரத்தில் எங்கள் தெருவுக்கு அப்போது அஞ்சலை என்று ஒருவர் கூடையில் மீன் கொண்டுவருவார். ஐந்து பிள்ளை பெற்றவர், ஐந்தும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தன. பிள்ளை தங்காத வீட்டில் குழந்தை பிறந்தால், பிள்ளை தங்கிய ஒருத்திக்கு அதை விற்றுவிட வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். விலை பணம் இல்லை, தவிடு. குழந்தையை முறத்தில் போட்டு, தெருக்கோடிக் குப்பைமேட்டில் வைத்தார்கள். அஞ்சலை அக்கா மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஒரு படி தவிட்டை ரேவதியின் மடியில் கொட்டிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டார்.

"இனிமே இது எம்புள்ள. குப்பையில கெடந்துச்சி, எடுத்தேன். பேரு குப்பம்மா. இந்தா, என் பிள்ளைய உன்கிட்ட வளக்கக் குடுக்கறேன், நல்லா பாத்துக்க" என்று சொல்லி ரேவதியிடம் நீட்டினார்.

ரேவதி இரண்டு கையும் நீட்டி வாங்கினாள். யாரோ ஒருவருடைய பிள்ளையை வாங்குகிற பயத்தோடு வாங்கினாள். அதை நான் பார்த்தேன். அது நாடகம்தான் என்று எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். ரேவதிக்கு மட்டும் அது நாடகம் இல்லை.

3

பிசகு எங்கே நடந்தது என்றால், இதற்கு அடுத்தபடியில். இப்படி வைக்கிற பெயர் வீட்டோடு நிற்கும். பேப்பரில் நல்ல பெயராக ஒன்று இருக்கும். பிள்ளை பள்ளிக்கூடம் போகிறபோது பழைய பெயர் தானாகக் கழன்றுவிடும். இது எல்லாரும் அறிந்த விஷயம். நகராட்சியில் பிறப்பைப் பதியப் போன அன்று, நானும் வழியெல்லாம் நல்ல பெயர்களாக யோசித்துக்கொண்டு போனேன். ரேவதி என் கையைப் பிடித்தாள்.

"பேப்பர்ல வேற பேரு எழுதினா அது பொய்யின்னு ஆயிடாது? ஏமாத்தறதுன்னா முழுசா ஏமாத்தணும்ங்க."

யாரை ஏமாற்றுவது என்று நான் கேட்கவில்லை. இரண்டு முறை எங்கள் வீட்டுக்கு வந்து போனவனைத்தான் சொல்கிறாள். குப்பம்மாள் என்றே எழுதினேன். நகராட்சிக் குமாஸ்தா ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டார். பிறகு அதே சான்றிதழைப் பிரெஞ்சுத் தூதரகத்தில் கொடுத்து, அங்கேயும் அதே பெயரைப் பதிந்தோம். இரண்டு அரசாங்கத்திலும் கல்லில் வெட்டின மாதிரி ஆகிவிட்டது.

பிரான்சில் அந்தப் பெயரால் ஒரு தொல்லையும் இல்லை. இங்கே யாருக்குப் பொருள் தெரியும்? பள்ளிக்கூடத்தில் டீச்சர் "குப்பா, எவ்வளவு இனிமையான பெயர்!" என்று சொன்னார். தோழிகள் "குப்பா, குப்பா" என்று வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டார்கள். வீட்டில் நாங்கள் பாப்பா என்போம். நான் ஆசையில் ஒருநாள் "ராஜாத்தி" என்று கூப்பிட்டதற்கு ரேவதி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

வினை எங்கள் தமிழாலேயே வந்தது. பிள்ளை தமிழ் மறந்துவிடக்கூடாது என்று நான்தான் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சேர்த்தேன். பதினொரு வயது. பாடம் சுத்தம் பற்றியது. குப்பையைக் குப்பைத்தொட்டியில் போடு என்று ஆசிரியை படிக்க, வகுப்பு முழுக்க இவளைத் திரும்பிப் பார்த்திருக்கிறது. ஒரு பையன் தொட்டியைக் கொண்டுவந்து இவள் பக்கத்தில் வைத்திருக்கிறான். மாலையில் வீட்டுக்கு வந்தவள் சண்டை போடவில்லை, அழவில்லை. "அப்பா, நான் தமிழ் க்ளாஸ் போறதில்ல" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து நாங்கள் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் பதில் சொன்னாள். சோறு வேண்டுமா என்றாலும் பிரெஞ்சு, படுக்கப் போ என்றாலும் பிரெஞ்சு. மூன்று வருடம் இப்படி. எனக்கு உள்ளே என்ன செய்திருக்கும் என்று பிள்ளை பெற்றவர்கள் புரிந்துகொள்வீர்கள்.

4

இந்த செப்டம்பரில் அவள் லிசே, அதாவது மேல்நிலைப் பள்ளி, போகிறாள். புதுப் பள்ளிக்கூடம், புது ஆட்கள், ஒருவருக்கும் இவளைத் தெரியாது. அங்கே முதல் நாள் வருகைப் பதிவில் புதுப் பெயர் இருக்க வேண்டும் என்று பிடிவாதம். சட்டத்தையெல்லாம் அவளே தேடிப் படித்து வைத்திருந்தாள். என்னைக் கூட்டிக்கொண்டு போய் மெரியில் உட்கார வைத்தாள்.

கவுண்டரில் இருந்த அம்மாள் நல்ல மாதிரி. பெற்றோர் இருவரும் கேட்க வேண்டும், பிள்ளைக்குப் பதிமூன்று வயது தாண்டிவிட்டதால் அவளும் தனியாகச் சம்மதம் எழுத வேண்டும் என்றார். எனக்கு ஒரே ஆச்சரியம். என்னை யார் கேட்டுப் பெயர் வைத்தார்கள்? என்னைக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது சினிமாக்காரன் பெயராகச் சொல்லியிருப்பேன்.

அடுத்து, பெயரை மாற்ற நியாயமான காரணம் வேண்டும் என்றார். சரி, வழக்கத்தை விளக்குவோம் என்று நான் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். பத்தொன்பது வருடம் பஸ் ஓட்டிய என் பிரெஞ்சு திருப்பம், நிறுத்தம், டிக்கெட் வரைக்கும் நன்றாக ஓடும். "மதாம், இவள் பிறந்த பத்தாம் நாள் நாங்கள் இவளை விற்றுவிட்டோம்" என்றேன்.

அந்த அம்மாளின் கை விசைப்பலகையில் அப்படியே நின்றது.

"விற்றீர்களா?"

"ஆமாம். ஒரு மீன்காரருக்கு. அதிக விலை இல்லை" என்றேன், சமாதானப்படுத்துகிற மாதிரி.

அவர் தொலைபேசியைப் பார்த்தார். என் மகள் என் வாயைப் பொத்தாத குறையாக இடையில் விழுந்து, சடங்கு, நம்பிக்கை, பாவனை என்று படபடவென்று ஏதேதோ சொல்லிச் சமாளித்தாள். வெளியே வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா, உன்னை ஜெயில்ல போட்டிருப்பாங்க!" என்றாள். தமிழில்! மூன்று வருடத்தில் முழுதாக ஒரு தமிழ் வாக்கியம். ஜெயிலுக்கே போயிருந்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

காரணத்தைப் பிறகு அவளே எழுதினாள். இரண்டே வரி. நான் தமிழில் சொல்கிறேன்: 'என்னைச் சாகாமல் காப்பாற்ற இந்தப் பெயரை வைத்தார்கள். நான் காப்பாற்றப்பட்டுவிட்டேன், நன்றி. இப்போது வேறு பெயர் வேண்டும்.'

5

நான் கையெழுத்துப் போட்டேன். மகள் போட்டாள். ரேவதி போடவில்லை.

அவள் கத்தவில்லை. படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சமையல் மேடையில் ஒரு ஓரமாக வைத்தாள். அடுத்த வாரமும் அது அங்கேயே இருந்தது. மகள் முதலில் கெஞ்சினாள், பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் உப்பு எங்கே, சாவி எங்கே என்பதற்குக்கூட நான் தூது போக வேண்டியிருந்தது. படிவத்தை நான்தான் பாதியாக மெரியில் கொண்டுபோய்க் கொடுத்தேன், அங்கேயாவது யாராவது கவனிக்காமல் விட்டுவிடுவார்கள் என்ற நப்பாசையில். பிரெஞ்சுக்காரன் கவனிக்காமல் விடுவானா? நான் முன்பு சொன்ன கடிதம் வந்தது.

கடிதத்தைக் காட்டி, "ஏன் ரேவதி, பிள்ளை ஆசைப்படுது. என்ன தயக்கம்?" என்று கேட்டேன்.

"கையெழுத்துப் போட நாம யாருங்க?" என்றாள். "பெத்தவங்க போடணும்னு எழுதியிருக்கு. இவளைப் பத்தாம் நாளே குடுத்துட்டோம். நம்மகிட்ட வளக்கத்தான் குடுத்தாங்க. பேரு வச்சது அஞ்சலை அக்கா. அவங்க எடுன்னு சொல்லாம நான் எடுத்து, நாளைக்கு ஒண்ணு ஆச்சின்னா..."

மேலே சொல்ல விட எனக்குத் தைரியம் இல்லை. மாடிப்படியில் மகள் தடதடவென்று இறங்குகிற சத்தம் கேட்டாலும் இவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். பதினான்கு வருடமாகப் பிள்ளைக்குச் சளி பிடித்தால் இவள் உட்கார்ந்தே தூங்குவாள். எல்லாவற்றையும் அந்தப் பெயர் பார்த்துக்கொள்கிறது என்று ஒரு நம்பிக்கை. அதைத்தான் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கழற்றச் சொல்கிறோம்.

எனக்குச் சட்டென்று வழி தெரிந்துவிட்டது! குதித்து எழுந்தேன். அஞ்சலை அக்காவையே கேட்டால் போயிற்று! கலா அக்காவுக்குப் போன் போட்டேன். உயிரோடு இருக்கிறாரா என்பதுதான் முதல் கேள்வி.

"அதுக்கென்ன குறைச்சல், பெரிய மார்க்கெட்ல உக்காந்து ஊரையே வித்துக்கிட்டு இருக்கு" என்றாள் அக்கா. போனிலேயே கேட்டுவிடவா என்றதற்கு ரேவதி ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளையை நேரில் கொண்டுபோய் நிறுத்திக் கேட்க வேண்டும். அதுவும் நியாயம்தான். பள்ளி விடுமுறை தொடங்கிய அன்றே டிக்கெட் எடுத்தேன். மகள், "கையெழுத்துக்கு எட்டாயிரம் கிலோமீட்டரா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் முதலில் எழுதின பெயர் வேண்டாம் என்று, படிவத்தைப் புதிதாக ஒன்று எடுத்து, நீலக் கவரில் போட்டு, என்னிடம்கூடக் கொடுக்காமல் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

6

சாரத்தில் அக்கா வீட்டில் இறங்கி, குளித்து, இட்லி சாப்பிட்டுவிட்டு உடனே ஆட்டோ பிடித்தோம். இரவு முழுக்கத் தூங்காத கண். ஆனால் எனக்கா தூக்கம் வரும்? வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். இங்கே சைக்கிளில் போவேன், அங்கே பரோட்டா சாப்பிடுவேன், இந்தச் சிக்னல் அப்போது இல்லை. கலா அக்கா, "டேய் வேலு, ஆட்டோக்காரர் இந்த ஊர்தான்டா, அவருக்கும் தெரியும்" என்றாள். ரேவதி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகளும் விடுவித்துக்கொள்ளவில்லை.

நேரு வீதியில் இறங்கி மார்க்கெட்டுக்குள் நுழைந்தோம். பூக்கடை தாண்டி, காய்கறி தாண்டி, ஈரத் தரையில் வழுக்காமல் நடந்து, மீன் பகுதி. என் மகள் மூக்கைப் பிடிப்பாள் என்று நினைத்தேன். அவள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். வஞ்சிரம் வெட்டுகிற பெண்மணியின் கத்தி போகிற வேகத்தைப் பார்த்து "ஓ லா லா" என்றாள்.

அஞ்சலை அக்கா நடு வரிசையில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது. சங்கரா மீனுக்கு விலை பேசிய ஒருவரை விரட்டிக்கொண்டிருந்தார். கலா அக்கா முன்னால் போய், "அக்கா, யாரு வந்திருக்காங்க பாரு. உம்பொண்ணு" என்றாள்.

"எந்தப் பொண்ணு? எனக்கு மூணு இருக்கே."

"தவிட்டுக்கு வாங்கின பொண்ணுக்கா. சாரத்துல. பிரான்சுக்காரங்க."

அஞ்சலை அக்கா என்னைப் பார்த்தார், ரேவதியைப் பார்த்தார், பிறகு ஜீன்ஸ் போட்ட என் மகளை அடியிலிருந்து முடி வரை பார்த்தார். தராசுத் தட்டைக் கீழே போட்டார்.

"அடியே குப்பம்மா! நீயாடி! என்னா ஒசரம் வளந்துட்ட!"

ஈரக் கையோடு அவள் கன்னத்தைப் பிடித்தார். மகள் சிரித்தாள். பக்கத்துக் கடையில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த முப்பது வயது ஆள் ஒருவர், "என்னாக்கா கூப்பிட்ட?" என்று நிமிர்ந்தார்.

"உன்னைக் கூப்பிடலடா. இவனும் குப்பன்தான்" என்று எங்களுக்கு அறிமுகம் செய்தார். "இவனையும் நான்தான் வாங்கினேன். என் கையி ராசியான கையின்னு ஊரே குடுத்துச்சி. ஒம்போது பிள்ள வாங்கியிருக்கேன். ஒருத்தன் பேங்குல இருக்கான், பாத்தா கும்பிடு போடுவான்."

"உங்க பேரு அப்படியேவா இருக்கு?" என்று நான் அந்த ஆளைக் கேட்டேன்.

"ஆதார்ல ராஜ்குமார்ண்ணே" என்றார் அவர், பெருமையாக.

எங்கள் கதையைக் கேட்டதும் அஞ்சலை அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "கவர்மென்டு பேப்பர்லியா எழுதினீங்க? ரெண்டு கவர்மென்டுலியா? என்னா தம்பி, படிச்ச ஆளு, ஒரு வார்த்த என்னைக் கேட்டிருக்கக் கூடாதா? அது வூட்டுல கூப்பிடற பேருய்யா!" மீன் வாங்க வந்தவர்கள் எல்லாம் நின்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மகள் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

ரேவதி மட்டும் சிரிக்கவில்லை.

7

"அக்கா" என்றாள் ரேவதி. கூட்டம் கொஞ்சம் கலைந்த பிறகு, அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். புடவை ஈரத்தில் படிவதைக் கவனிக்கவில்லை. "பேரை எடுத்துடலாமாக்கா? ஒண்ணும் ஆவாதே?"

அஞ்சலை அக்கா ஒரு சாக்குத்துணியில் விரல் விரலாகக் கையைத் துடைத்தார்.

"ஒம்போது வாங்கினேன்னு சொன்னேன் இல்ல. ஒண்ணு தங்கல. முத்தியால்பேட்டைல ஒரு பையன். அவனுக்கும் குப்பன்னுதான் பேரு வச்சேன். ஒரு வருசம் இருந்தான்." குரல் இறங்கியிருந்தது. "நான் யாருகிட்டயும் சொல்றதில்ல. சொன்னா, குடுத்தவங்களுக்கு நம்பிக்க போயிடும். உனக்குச் சொல்றேன். பேரு ஒண்ணும் பண்ணலம்மா. பேரு பண்றதா இருந்தா அவனும் இருந்திருக்கணும். இவ இருக்கான்னா, நீ பாத்துக்கிட்ட, இருக்கா."

ரேவதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தச் செய்தி அவளை உடைத்துவிடும் என்று நான் பயந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிடம் ஏன்தான் கூட்டிக்கொண்டு வந்தோம் என்று ஆகிவிட்டது. அவள் அழுதாள்தான். ஆனால் அந்த அழுகையை எனக்குத் தெரியும். நீண்ட ஷிப்டு முடிந்து சீட்டிலிருந்து இறங்குகிறபோது வருகிற பெருமூச்சு எப்படியோ, அப்படி.

"நான் உனக்கு வளக்கக் குடுத்தேன். வளத்துட்ட. இனிமே இவ உம்பொண்ணு. போ, என்னா பேரு வேணுமோ வச்சிக்க" என்றார் அஞ்சலை அக்கா.

என் மகள் பையிலிருந்து நீலக் கவரை எடுத்தாள். படிவத்தை அம்மாவிடம் நீட்டினாள். நான் பேனாவைத் தேடிக்கொண்டே எட்டிப் பார்த்தேன். அவள் இந்தத் தடவை என்ன பெயர் எழுதியிருக்கிறாள் என்று எனக்கு ஒரு மாதமாக ஒரே யோசனை. ஏதாவது பிரெஞ்சுப் பெயராகத்தான் இருக்கும், இருக்கட்டும், கூப்பிடப் பழகிக்கொள்வோம் என்று என்னைத் தேற்றி வைத்திருந்தேன்.

புதிய பெயர் என்ற இடம் காலியாக இருந்தது.

"என்னாடா பாப்பா, எழுதல?"

"நெறைய எழுதிப் பாத்தேன்பா. எல்லாம் வேற யாரோ பேரு மாதிரியே இருக்கு" என்றாள். பிறகு அம்மாவிடம் திரும்பி, நிறுத்தி நிறுத்தி, தமிழிலேயே கேட்டாள்: "நான் வயித்துல இருக்கும்போது நீ எனக்கு என்ன பேரு நெனச்சே?"

"ஒண்ணும் நெனைக்கல" என்றாள் ரேவதி வேகமாக.

"பொய்யி" என்றார் அஞ்சலை அக்கா. "வயித்துல வச்சிருக்கறவ பேரு நெனைக்காம இருப்பாளா?"

ரேவதி சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரோ ஒட்டுக்கேட்கிறார்களா என்று பார்க்கிற பார்வை. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, கூடைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"அல்லி."

பதினான்கு வருடம் ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் இருந்திருக்கிறேன். இந்தப் பெயரை இவள் ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை. மனதுக்குள்கூடச் சத்தமில்லாமல்தான் வைத்திருந்திருப்பாள்.

"காதுல வுழல" என்றார் அஞ்சலை அக்கா.

"அல்லி."

"மார்க்கெட்டும்மா இது. யாருக்குக் கேக்கும்?" என்றவர், மீன் கூவுகிற அதே தொண்டையில், "அல்லீ! ஏ அல்லீ!" என்று ஒரு குரல் விட்டார். காய்கறிப் பக்கம் வரைக்கும் போயிருக்கும். ரேவதி பதறிப்போய் அவர் வாயைப் பொத்தக் கையை நீட்டினாள். நீட்டின கை பாதியில் நின்றது. ஒன்றும் ஆகவில்லை. ஐஸ் உடைக்கிறவர் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார். ஒருவர் கானாங்கெளுத்தி என்ன விலை என்றார்.

என் மகள் திடீரென்று எழுந்து, கூடைகளுக்கு நடுவில் நடக்கத் தொடங்கினாள். வரிசையின் கடைசி வரைக்கும் போய், சுமை தூக்குகிறவர்களுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்று, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டாள்.

"அம்மா, கூப்பிடு!" என்று அங்கிருந்து கத்தினாள்.

ரேவதி எழுந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

"அல்லி!"

என் மனைவிக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. இரண்டு வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"என்னாம்மா?" என்று திரும்பினாள் எங்கள் மகள்.

"ஒண்ணுமில்ல" என்றாள் ரேவதி. "வா. கையெழுத்துப் போடணும்."